கடவை அடைக்க முன்னம் வந்த மழைச் செய்தி

அன்று நெடுந்தீவுப் பள்ளிக்கூட விறாந்தைக்கு வந்தவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் வயல் செய்கிறவர்கள். வராதவர்கள் மாடு வைத்திருப்பவர்கள். நான் அவர்களைக் கூப்பிடவில்லை, அதனால் வரவில்லை.

போர் நிறுத்தம் வந்து இரண்டாவது வருடம் அது. யாழ்ப்பாண நகரத்தில் ஒரு திட்டத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. கொழும்பிலிருந்து கொம்பியூட்டரில் வரும் வானிலை அறிக்கையை இரண்டு வரியாகச் சுருக்கி, தீவுகளில் வயல் செய்பவர்களுக்குக் கைத்தொலைபேசியில் அனுப்ப வேண்டும். ஊர்காவற்றுறையில் கடற்தொழில் செய்த எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். அச்சடித்த தாளில் உள்ளதைக் கேள்வி கேட்கும் பழக்கம் எனக்கு இருக்கவில்லை. படிவத்தில் ‘விவசாயி’ என்று ஒரு கட்டம் இருந்தது. மாட்டுக்குக் கட்டம் இல்லை.

ஏழு பேருக்கும் சேர்த்து மூன்று தொலைபேசிகள் கொண்டு போயிருந்தேன். கடற்கரைப் பக்கம் ஒரு கல்மதிலின் மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் எடுக்கும். பின்னேரம் ஆறு மணிக்கு யாராவது ஏறிப் பார்ப்பது என்று முடிவானது.

"மதில் விழுந்தா ஆர் கட்டுறது? கொம்பியூட்டரோ?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஓர் அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய வயல் கடலுக்கு மிகக் கிட்ட இருந்தது. அந்த உவர் மண்ணில் வேறு நெல் நிற்காது என்று, கறுப்பு உமியுள்ள ஒரு நெல்லை வருடாவருடம் தானே விதைக்கு எடுத்து வைப்பவர்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். நான் எப்பவும் விதையிலை பாதியைத்தான் முதல் விதைக்கிறனான். மற்றப் பாதி சாக்கிலை கிடக்கும். முதல் மழை ஏமாத்திப்போட்டா அது கை குடுக்கும். இனி அப்பிடி வைக்கத் தேவையில்லையோ?"

"தேவையில்லை அண்ணை," என்றேன். "மழை வாற நாளை நாலு நாளுக்கு முன்னமே சொல்லிப்போடுவம்."

கடைசியாக, படிவத்தின் கீழே இருந்த நிபந்தனையை வாசித்தேன். செய்தி கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் விளைச்சலில் என்ன வித்தியாசம் என்று திட்டம் பார்க்கப் போகிறது. ஆகவே இந்த மாரி முடியும்வரை செய்தியை வேறு எவருக்கும் சொல்லக் கூடாது. ஐந்து பேர் கையெழுத்து வைத்தார்கள். இரண்டு பேர் பெருவிரல் வைத்தார்கள். சொல் தந்தால் தந்ததுதான் என்று இருக்கிற மனிதர்கள். அது நல்ல விடயம் என்றுதான் நானும் நினைத்தேன்.

நெடுந்தீவில் அந்த வயல்வெளியைச் சுற்றி நீளமாகக் கல்மதில் ஓடுகிறது. அறுவடை முடிந்ததும் மதிலில் மூன்று இடத்தில் கல்லை இறக்கிக் கடவை விடுவார்கள். மாடுகள் உள்ளே போய் அறுத்த தாளின் ஒட்டுகளை மேயும், சாணம் வயலுக்கு ஆகும். விதைப்புக்கு முன் வயல்காரரும் மாட்டுக்காரரும் கூடி ஒரு நாள் குறித்து, சேர்ந்து கல்லடுக்கிக் கடவையை அடைப்பார்கள். அடைத்த பிறகு மாடு உள்ளே வந்தால் மாட்டுக்காரர் பொறுப்பு. அடைக்க முன்னம் விதைத்தால் விதைத்தவர் பொறுப்பு. இது எந்தத் தாளிலும் இல்லை. அப்போது எனக்கும் தெரியாது.

அந்த வருடம் மழை இரண்டு கிழமை முந்தி வந்தது. புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை, கொம்பியூட்டரில் மேகப் படத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டு அனுப்பினேன்: ‘வெள்ளிக்கிழமை மழை. அதற்கு முன் விதைக்கவும்.’ தொலைபேசியில் தமிழ் எழுத்து இல்லாததால் ஆங்கில எழுத்திலேயே தமிழை அடித்திருந்தேன்.

கடவை இன்னும் அடைபடவில்லை. நாள் குறிப்போம் என்று மாட்டுக்காரரிடம் போனால், ஏன் இப்போதே என்று கேட்பார்கள். சொன்னால் சொல் தவறும். மழை விழுந்த பிறகு கேட்டால் ஒருவருக்கும் சந்தேகம் வராது, முளை வெளியே வர எப்படியும் சில நாள் செல்லும் என்று ஏழு பேரும் கணக்குப் போட்டார்கள். விதைத்தார்கள். கடற்கரை அண்ணை சாக்கில் இருந்த முழு நெல்லையும் விதைத்தார்.

வெள்ளிக்கிழமை மழை வந்தது. நகரத்தில் அலுவலக யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமையாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

மழை புதன்கிழமைவரை விடவேயில்லை. அந்த மழையில் ஒருவரும் கூடவில்லை, ஒரு கல்லும் அடுக்கவில்லை. வியாழக்கிழமை காலை வெயில் எறித்தது. மத்தியானம் போல அண்ணை மதிலில் ஏறி நின்று என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, நீர் சொன்ன நாளே மழை வந்தது."

"ஓம் அண்ணை."



"நீர் ஒருக்கா வாரும்."

மறுநாள் குறிகட்டுவான் இறங்குதுறையில் முதல் படகு எடுத்தேன். நான் போகும்போது அண்ணை நடுக் கடவையில் நின்றார். பக்கத்தில் ஓர் அக்கா நின்றார். நாற்பது மாடு வைத்திருப்பவர் என்று பிறகுதான் தெரிந்தது. வயலில் குளம்பு அடிகள் நிறைய மழைத்தண்ணீர் நின்றது. பச்சை இல்லை.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர்தானோ மழை விக்கிற பொடியன்?"

"விக்கேல்லை அக்கா. சும்மா குடுக்கிறது."

"எனக்கு ஏன் தரேல்லை?"

படிவத்தில் மாட்டுக்குக் கட்டம் இல்லை என்று சொல்லத் தொடங்கினேன்; அவர் விடவில்லை.

"ஆறு நாள் மாட்டை மழைக்குள்ளை கட்டிவைச்சிருந்தனான். வைக்கல் முடிஞ்சுது. வெயிலைக் கண்டு அவிட்டு விட்டன். நேரை இஞ்சைதான் வந்துதுகள், எப்பவும் வாற மாதிரி. இவை விதைச்சதை எனக்கு ஒரு சனம் சொல்லேல்லை. உழுகிறாங்களெண்டுதான் நினைச்சனான்." பிறகு அண்ணை பக்கம் திரும்பினார். "உனக்கு வாய் இல்லையோ? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அண்டைக்கே கல்லடுக்கித் தந்திருப்பனே."

"கையெழுத்து வைச்சனான்," என்றார் அண்ணை.

"உன்ரை கையெழுத்தை என்ரை மாடு வாசிக்காது!"

அண்ணை சிரித்துவிட்டார். அக்காவும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வழமைப்படி அவர் ஒரு நெல்மணியும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் அங்கே நின்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அண்ணை என்னை விட்டுவிட்டு வயலின் மூலைக்குப் போனார். மதில் ஓரம் கல் சரிந்து கிடந்த இடத்தில், மாட்டு வாய் எட்டாத இடுக்கில், கொஞ்சம் முளை தப்பியிருந்தது. அதைச் சுற்றி முள்ளு வைக்கத் தொடங்கினார். அக்கா பேசாமல் முள்ளு எடுத்துக் கொடுத்தார். நானும் கொடுத்தேன், கை கிழிந்தது.

மற்ற ஆறு பேரும் யாழ்ப்பாணத்தில் விதை வாங்கித் திரும்ப விதைத்தார்கள். அண்ணையும் அதையே விதைத்தார்; அவருடைய மண்ணில் அது முளைத்து, ஒரு சாண் வந்து, உவரில் மஞ்சளாகிப் படுத்தது.

அலுவலகத்தில் என் மேலதிகாரி அறிக்கையைப் பார்த்தார். எதிர்வுகூறல் சரி, செய்தி நேரத்துக்குப் போனது சரி. "நல்ல பெறுபேறு," என்றார். நான் மாட்டைப் பற்றிச் சொன்னேன். அது ஆய்வுக்கு வெளியே என்றார். செய்தியை எல்லோருக்கும் சொல்ல விடவேண்டும் என்றேன். ஆய்வு கெட்டுப்போகும் என்றார். "கெடட்டும் சேர்," என்று என் வாயால் வந்துவிட்டது. வேலை போகும் என்று பயந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. போகவில்லை.

அடுத்த வருடப் படிவத்தில் அந்த நிபந்தனை இல்லை. விறாந்தைக்கு வயல்காரரும் வந்தார்கள், மாட்டுக்காரரும் வந்தார்கள். கதிரை போதாமல் பலர் நின்றார்கள். ஒரு தொலைபேசியை அக்காவிடம் கொடுத்தேன்.

"மாட்டுக்கும் வாசிச்சுக் காட்டுறன்," என்று வாங்கினார்.

அந்த மாரியில் நான் அனுப்பிய முதல் செய்தியில் விதைப்பு இல்லை. ‘ஐந்து நாளில் மழை. கடவையை அடைக்கவும்’ என்று இருந்தது. அக்கா மதிலிலிருந்து இறங்கி நேரே கல்லடுக்கத்தான் போனாராம்.

மூலையில் தப்பிய முளையிலிருந்து அண்ணைக்கு மூன்று கொத்து அளவு கறுப்பு நெல் கிடைத்திருந்தது. அந்த மாரியில் அதை மட்டும் விதைத்தார். விளைந்ததில் ஒரு பிடியும் சோற்றுக்கு எடுக்காமல் விதைக்கு வைத்தார். அவரது வீட்டில் ஆறு பேர். அதற்கடுத்த மாரிதான் வயல் முழுக்கக் கறுப்பு நெல் நின்றது.

என் அறிக்கையில் நட்டத்துக்குக் கட்டம் இருக்கவில்லை. இங்கே எழுதுகிறேன். ஏழு வயலுக்கும் சேர்த்துப் பதினொரு புசல் விதைநெல். அண்ணை வீட்டு ஆறு பேருக்கும், சொந்தச் சோறு இல்லாத இரண்டு மாரி.