காக்கிச் சட்டையும் கண்ணாடித் தொட்டியும்

வித்துராவிலிருந்து கரமனைக்குத் திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் காக்கிச் சட்டை போட்டிருந்தார். டிக்கெட்டைச் சுருட்டி வாட்ச் வாருக்குள் செருகிக்கொண்டார். என் மடியில் புதுக் கண்ணாடித் தொட்டி. காலடியில் இருந்த பைக்குள், வளர்ப்பதற்காகப் பிடித்த பச்சோந்தி. அப்படிப் பிடிப்பது சட்டப்படி குற்றம்.

"மீனுக்கா சாரே?" என்றார்.

"ஆமா." பையை மறைக்கிற மாதிரி காலை நகர்த்தி வைத்தேன்.

பை அசைந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மீனுக்கு இது கொள்ளாம், சரியா இருக்கும். ஓந்துக்கு வேண்டாம், கேட்டோ. கண்ணாடியில தன்னையே கண்டு வேற ஓந்துன்னு பயந்து பேடிச்சிரும், தீனி எடுக்காது. கம்பிவலைக் கூடுதான் நல்லது."

ஃபாரஸ்ட் ஆபீஸ் ஸ்டாப்பில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்குள் போனார்.

ஏன் விட்டார் என்று இன்றும் விளங்கவில்லை. கம்பிவலைக் கூட்டில் பச்சோந்தி மறுநாளே தீனி எடுத்தது. தெருவில் காக்கி தெரியும்போதெல்லாம் சோறு இறங்காமல் கிடந்தது நான்தான்.