விரிசலில் ஒட்டிய காகிதம்

ராயபுரத்தில் என் மகள் வேலை பார்க்கும் பழைய கப்பல் அலுவலகம் பாரம்பரியச் சின்னமாக அரசு பாதுகாக்கும் கட்டடம். ஆனாலும் அதன் கூரைக்கு மேலேயே இப்போது அடுக்குமாடி வீடுகள் எழும்புகின்றன. அவளை இறக்கிவிடப் போகும்போதுதான் அங்கிருக்கும் காவலாளியைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, தொளதொளவென்ற நீலச் சட்டை. தினமும் காலையில் சுவர் விரிசலின் குறுக்கே ஒரு காகிதத் துண்டை ஒட்டுவார். விரிசல் அகன்றால் அது கிழியும்.

அன்று கிழிந்திருந்தது.

"மேல வீடு கட்டுற இன்ஜினியர்கிட்ட சொன்னீங்களாண்ணே?"

"சொன்னேம்மா. வேற காயிதம் ஒட்டுன்னாரு. இந்தச் செவுத்துல ஒரு ஆணி அடிக்க உடமாட்டாங்கோ, தெரியுமா?"

"உள்ள என் பொண்ணு இருக்காண்ணே."

"என் பொண்ணும் உள்ளதாம்மா கீது, பெருக்கிகினு."

சொல்லிக்கொண்டே புதுத் துண்டில் பசை தடவினார். விரிசலின் குறுக்கே அதை நேராக வைத்து அழுத்தினார். அவரால் அது எப்படி முடிந்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. மறுநாள் நானும் என் மகளை அதே வாசலில்தான் இறக்கிவிட்டேன்.