புத்தகத்துக்கு ஒரு ஜாமீன்

எங்கள் பக்கத்து மிராசுதார் தம்முடைய நெல் கிடங்கை நூலகமாக்கிய வருஷம் நான் பதினோராம் வகுப்பில் இருந்தேன். எங்கள் வீட்டில் அந்த வகுப்புவரை யாரும் வந்ததில்லை. ஒன்றாம் வகுப்புவரைகூட வந்ததில்லை என்பதுதான் உண்மை. அப்பாவும் அம்மாவும் அவர் வயலில் வேலை செய்தவர்கள். நாங்கள் குடியிருந்த குடிசையும் அவருடைய மனையில்தான் இருந்தது.

கிடங்கு, திருத்துறைப்பூண்டி பஸ் நிற்கும் கடைத்தெருவில் இருந்தது. அதை ஒட்டியிருந்த, பண்ணைக் கணக்கு எழுதும் கச்சேரியை அவர் அருங்காட்சியகமாக்கினார். அவர் முன்னோர் ஏறிப்போன பல்லக்கு, கும்பகோணத்தில் செய்த வெற்றிலைச் செல்லங்கள், தரங்கம்பாடியில் கிடைத்த பழைய காசுகள் என்று அங்கே வரிசையாக இருந்தன. திறப்பு விழாவுக்கு மந்திரி வந்தார். தெரு முழுக்கக் கறுப்பு சிவப்புத் தோரணம். நெல்லையும் சொல்லையும் சேர்த்து அவர் எதுகை மோனையோடு சொன்ன ஒன்றுக்குக் கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

டீக்கடையில் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள்.

“நில உச்சவரம்பு இன்னும் இறங்கப் போவுதாம்ல. அதான் ஐயாவுக்குப் புத்தகத்து மேல ஆசை வந்துடுச்சு.”

“நிலம் போனாலும் பேரு நிக்கணும்ல?”

இரண்டும் உண்மையாக இருக்கலாம். அவர் எதற்காகக் கொடுத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் கொடுத்தார். கட்டடம் அவருடையது, அலமாரிகள் அவருடையவை, முதலில் வந்த ஆயிரத்துச் சொச்சம் புத்தகங்களும் அவர் பணத்தில் வாங்கியவை. நூலகரை மட்டும் அரசாங்கம் அனுப்பியது. அந்தக் கூடத்தில் வெகு நாள்வரை உமி வாசனை போகவில்லை. எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் ஒரு அந்துப்பூச்சி பறக்கும். நூலகர் ஒவ்வொரு புத்தகத்தையும் மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டித்தான் கொடுப்பார்.

அரையாண்டுப் பரீட்சையில் நான் கணக்கில் தவறினேன். மற்ற பாடங்களில் வகுப்பில் நான்தான் முதல், கணக்கில் மட்டும் இருபத்திரண்டு. பங்குனியில் அரசுத் தேர்வு. அதிலும் தவறினால் ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட முடியாது. அடுத்த நடவிலிருந்து நானும் சேற்றில் இறங்க வேண்டியதுதான். நூலகத்தில் ஒரு தடித்த கணக்குப் புத்தகம் இருந்தது. ஒவ்வொரு கணக்கையும் அது ஒரு படிகூட விடாமல் செய்து காட்டியிருந்தது. பள்ளிவிட்டு அரை மணி நேரம் அங்கே உட்காரலாம். அதற்குமேல் முடியாது. வீட்டுக்கு மூன்று மைல், வாய்க்கால் கரையோடு நடக்க வேண்டும், மார்கழியில் சீக்கிரம் இருட்டிவிடும். அந்தப் புத்தகம் வீட்டுக்கு வந்தால்தான் நான் தேறுவேன்.

நூலகரிடம் உறுப்பினர் படிவம் கேட்டேன். கொடுத்தார். பெயர், முகவரி, படிப்பு, எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்தி அழகாக எழுதினேன். கடைசியில் ‘பிணையாளர் கையொப்பம்’ என்று ஒரு வரி.

“பிணையாளர்னா யாரு சார்?”

“அதாம்மா, ஜாமீன்தார். நில வரியோ வீட்டு வரியோ கட்டுற ஒருத்தர் கையெழுத்துப் போடணும். நீ புத்தகத்தைத் திருப்பித் தரலேன்னா அவர் பொறுப்பு.”

எங்கள் தெருவில் வரி கட்டுகிறவர் ஒருவரும் இல்லை. நிலம் இல்லை, வீடு இருந்த மனையும் எங்களுடையது இல்லை. யாருக்கும் வரி கட்டாத தெரு என்று அதுவரை ஒரு கெத்தாகத்தான் நினைத்திருந்தேன்.

ஜாமீன் என்ற சொல் எங்களுக்குத் தெரியாததல்ல. இரண்டு வருஷத்துக்கு முன் அறுவடைக் கூலிக்காகச் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. பண்ணைக்காரர்கள் வெளியூரிலிருந்து ஆள் இறக்கி அறுக்கப் பார்த்தார்கள், வரப்பில் தகராறு ஆயிற்று. அப்பாவையும் இன்னும் பதினோரு பேரையும் பிடித்துக்கொண்டு போய்ப் பதினெட்டு நாள் சப்-ஜெயிலில் வைத்தார்கள். நிலம் உள்ளவர்கள்தாம் ஜாமீன் நிற்கலாம் என்பதால் சங்கத்தார் எங்கோ ஒரு ஊரிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்தார்கள். அதற்குப் பிறகும் வாராவாரம் அப்பா ஸ்டேஷனுக்கு நடந்துபோய்க் கைநாட்டு வைத்துவிட்டு வந்தார். எங்கள் தெருவில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாது.

இதை யோசிக்காமல், வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், “எனக்கு ஒரு ஜாமீன் வேணும்மா” என்று சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுச் சித்தி காதில் அது விழுந்தது. நான் கைகால் கழுவி வருவதற்குள் வாசலில் ஏழெட்டுப் பெண்கள்.

“என்னாடி பண்ணுன? யாரை அடிச்ச?”

“பொட்டப் புள்ள மேலயுமா கேஸு போடுறாங்க? வெளங்குமா இந்த ஊரு?”

“கேஸு இல்ல சித்தி. ஒரு புத்தகத்துக்கு.”

“அய்யய்யோ, புத்தகத்தைத் திருடிட்டியா?”

“திருடுனா எதுக்குடி இவ்வளவு பாடு?” என்றாள் அம்மா. “திருடாம கேட்டு வாங்குறதுக்குத்தான் ஜாமீனாம். கேட்டுக்கங்க கூத்தை.”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. “அந்தப் பேச்சை இந்த வீட்டுல எடுக்காத” என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டைக் கட்டப் போய்விட்டார்.

மறுநாள் நூலகரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். “இதுக்கு ஏம்மா முழிக்கிற? பக்கத்துல ஐயா இருக்காரு பாரு. யார் கேட்டாலும் போட்டுக் கொடுக்கிறாரு. பாதிப் பேருக்கு அவர்தான் ஜாமீன்” என்றார்.

அருங்காட்சியகத்தில் மிராசுதார் ஒரு பொருளுக்குப் பெயர்ச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். கதர்ச் சட்டை, மூக்குக் கண்ணாடி. வயல் கரையில் குடையோடு மட்டுமே நான் பார்த்திருந்த மனிதர், அங்கே பள்ளி வாத்தியார்போல இருந்தார்.

“யாரு வீட்டுப் புள்ள?”

சொன்னேன். ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

“எத்தனாவது படிக்கிற?”

“பதினொண்ணுங்க.”

“பலே!” உண்மையான சந்தோஷத்தோடுதான் சொன்னார். படிவத்தை வாங்கி, பேனா மூடியைத் திறந்தார். பிறகு மூடினார். “உங்கப்பனை வந்து ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகச் சொல்லு. கொடி பிடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னு பேசுனான்ல? இதுக்கும் வந்து நின்னு பேசட்டும். உடனே போட்டுத் தர்றேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. நியாயமான ஒன்றைக் கேட்பதாகத்தான் அவர் நினைத்தார் என்று இப்போது தோன்றுகிறது. நான் “சரிங்க” என்று படிவத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. எனக்காக அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அங்கே நிற்பதைவிட, நான் கணக்கில் தவறுவதே மேல் என்று பட்டது. அந்த வயதில் எனக்கு இருந்த வீம்பு அப்படி.

தவறவும் மனமில்லை. மாலை அரை மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமைக் காலையும் அந்தப் புத்தகத்தை முன்னால் வைத்து நோட்டில் எழுதி எடுத்தேன். எழுதிய வேகத்தில் எதுவும் புரியாது. வீட்டில் சிமினி விளக்கு வெளிச்சத்தில் படிக்கும்போது எங்கோ ஒரு படி விட்டுப்போயிருக்கும். அதற்காக மறுநாள் மாலைவரை காத்திருக்க வேண்டும்.

மாசி பிறந்ததும் தாலுகா ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்திருந்தது. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் மேசை போட்டு, பெயர் கூப்பிட்டுப் பட்டா கொடுத்தார்கள். அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். அடுத்த வாரமே பஞ்சாயத்திலிருந்து வந்து கதவுக்கு எண் போட்டு வீட்டு வரி வாங்கிக்கொண்டு போனார்கள்.

“பட்டாவுல மை காயல, அதுக்குள்ள வரியா!” என்று தெருவே திட்டியது. நான் ஒருத்திதான் மகிழ்ந்தேன். அப்பா ரசீதைக் கூரையில் செருகப்போன கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்பா, இனிமே நீங்களே எனக்கு ஜாமீன் நிக்கலாம்.”

அவர் முகம் மாறியது. அதற்குள் மற்றதையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். “பண்ணை ஐயாவைக் கேட்டேன். உங்களை வந்து கேக்கச் சொன்னாரு. நான் உங்ககிட்ட சொல்லல.”

“எப்ப?”

“மார்கழில.”

“ரெண்டு மாசமா எதைப் பாத்துப் படிச்ச?”

நோட்டுகளைக் காட்டினேன். மூன்று நோட்டு. ஒரு எழுத்தும் தெரியாதவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகும், “ஜாமீன்னு விரல் வெச்சா பின்னாடி ஸ்டேஷன்தான்” என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து, “அன்னைக்கு நீ ஜாமீன்ல வந்த. இன்னைக்கு நீ ஜாமீன் நிக்கிற. ரெண்டும் ஒண்ணா?” என்றாள்.

அப்பா ரசீதை மடியில் செருகிக்கொண்டார். மறுநாள் காலையில் துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு, “வா” என்றார்.

நூலகர் ரசீதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். “அப்புறம் என்ன? கையெழுத்துப் போடுங்க.”

“கைநாட்டுங்க.”

நூலகர் பேனாவைக் கீழே வைத்தார். “கைநாட்டுன்னா, இது இன்னார் விரல்தான்னு ஒரு சாட்சி எழுதிக் கொடுக்கணுமே. நான் எழுதக் கூடாது, உங்க மகளும் கூடாது. உங்களைத் தெரிஞ்சவங்க யாராவது...”

கூடத்தில் இரண்டு பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு அப்பாவைத் தெரியாது. இன்னொருவருக்குத் தெரியும், அவர் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். தேர்வுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், அப்பாவைக் காணோம். திறந்திருந்த நடுக்கதவு வழியாக அருங்காட்சியகத்துக்குள் போய்விட்டிருந்தார். உட்கார்ந்த கோலத்தில் இருந்த ஒரு கல் புத்தருக்கு முன் நின்றுகொண்டிருந்தார். ‘மிராசுதார் அவர்களால் கண்டெடுக்கப்பட்டது’ என்று அதில் சீட்டு ஒட்டியிருந்தது. அது அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது அந்தக் கல்.

“இது நான் எடுத்ததுங்க” என்றார், மூலையில் நாற்காலியில் இருந்த மிராசுதாரைப் பார்த்து. “மடை வெட்டுறப்ப மண்வெட்டி பட்டு டங்குன்னுச்சு.”

“காதை உடைச்சது நீதானா?”

“ஆமாங்க. நீங்க கரையில நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க.”

மிராசுதார் சிரித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. “புள்ளைக்குக் கையெழுத்துக் கேக்க வந்தியா?”

“இல்லீங்க. கையெழுத்து என்னுது. அது என் விரல்தான்னு சொல்ல ஒரு ஆள் வேணுமாம்.”

அப்பாவின் துண்டு தோளில்தான் இருந்தது. மிராசுதார் அதைப் பார்த்தார். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். எழுந்தார். ஆனால் நூலகரின் மேசைக்கு வந்தார். படிவத்தை இரண்டு பக்கமும் படித்தார். வரி ரசீதை எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருடைய மனையாக இருந்தவரை அங்கே எந்த வீட்டுக்கும் எண் கிடையாது.

“கதவு எண் ஏழா?”

“ஏழுங்க.”

நூலகர் மைப் பெட்டியைத் திறந்தார். அப்பா இடது கைப் பெருவிரலை வைத்தார். மிராசுதார் அதன் கீழே குண்டு குண்டான எழுத்தில், இந்த ரேகை என் முன்னிலையில் வைக்கப்பட்டது என்று அப்பாவின் முழுப் பெயரையும், தாத்தாவின் பெயரையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாத்தாவின் பெயரை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அந்தக் கடைத்தெருவில் அது தெரிந்த வேறு ஆள் இல்லை. அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் கண்டேனா? பேனாவை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார். புத்தரின் சீட்டை மாற்றவில்லை. போன மாதம்கூடப் பார்த்தேன், அதே சீட்டுத்தான்.

நூலகர் கணக்குப் புத்தகத்தை மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டிக் கொடுத்தார். மூன்று மைலும் அப்பாதான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார், என்னிடம் தரவில்லை.

கணக்கில் ஐம்பத்தெட்டு வாங்கினேன். பெரிய மதிப்பெண் இல்லை, ஆனால் போதும். ஆனியில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து விடுதிக்குப் போய்விட்டேன். நான் இல்லாத அந்த மாதங்களில் அப்பா தெருவில் ஐந்து பிள்ளைகளுக்கு ஜாமீன் நின்றிருந்தார். இப்போது கைநாட்டுக்குச் சாட்சி எழுத நூலகத்தில் யாரும் தயங்குவதில்லை என்று அம்மா சொன்னாள்.

பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது அப்பா ஒரு தபால் அட்டையை எடுத்து நீட்டினார். வந்து நாலு நாளாயிற்றாம். தெருவில் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருந்தும் யாரிடமும் கொடுக்காமல் எனக்காக வைத்திருந்தார். நூலகத்திலிருந்து வந்தது. அவர் பிணை நின்ற உறுப்பினர் எடுத்துச் சென்ற கதைப் புத்தகம் தவணை கடந்தும் திரும்பவில்லை, தயவுசெய்து கவனிக்கவும் என்று எழுதியிருந்தது.

“மேல என்ன போட்டிருக்கு?”

“உங்க பேருப்பா. முன்னாடி ‘திரு’ போட்டு, பின்னாடி ‘அவர்கள்’ போட்டிருக்கு.”

“இன்னொருக்கா படி.”

படித்தேன். அது அவர் பெயருக்கு வந்த முதல் தபால். கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு அட்டையோடு எதிர்வீட்டு வாசலுக்குப் போனார்.

“யாரு உள்ள? புத்தகம் எங்க?” தெருவே கேட்கும்படி சத்தம்.

சித்தியின் மகள், எட்டாவது படிக்கிறவள், புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். “இன்னும் நாலு பக்கம்தான் இருக்கு பெரியப்பா.”

அப்பா அவளைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

“படிச்சு முடி. இருக்கேன்.”