விட்கோப்பின் கண்ணாடிக் குழாய்

கோட்டிங்கன் என்ற ஜெர்மன் ஊரில் ஓர் ஆய்வுக்கூடத்தின் நிலவறையில் பன்னிரண்டு மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்று இருந்தது. அதற்கு எஜமான் பேராசிரியர்கள் அல்ல, மெக்கானிக் ஆன்ஸ்கர் விட்கோப். குழாயில் ஓடும் தண்ணீர் கலங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. உள்ளே விடும் நீலச் சாய இழை நூல் பிடித்தாற்போலக் கடைசிவரை போகவேண்டும். யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் போதும், இழை சிதறிச் சுழல் பிறந்துவிடும். பிறந்தபின் அதற்கு ஒருவர் தயவும் வேண்டாம். நடுக்குழாயில் தண்ணீர் வேகமாக ஓடும், சுவரோரம் மந்தமாக நகரும். சுழல் இந்த இரண்டையும் இடம் மாற்றிப் பட்டை பட்டையாக்கும். பட்டைகள் நெளிந்து உடைந்து மறுபடி சுழலைப் பெறும். தாய் பிள்ளையைப் பெற, பிள்ளை தாயைப் பெறுகிற குடும்பம் அது.

அதனால் அங்கே வேலை பார்த்த முப்பத்தொரு வருடமும் கம்பளிச் செருப்போடுதான் விட்கோப் நடந்தார். காபி இயந்திரத்தை இரண்டாம் மாடிக்கு நாடு கடத்தினார். தும்மல் வந்தால் வெளியே ஓடினார். வீட்டிலும் அந்தப் புத்தி போகவில்லை.

“கரண்டிய மெதுவா வை, குடுலா.”

“நான் ஒன்னும் உன் குழாய் இல்ல, ஆன்ஸ்கர்,” என்பாள் மனைவி.

ஓய்வுபெற ஐந்து மாதம் இருக்கும்போது இல்சபே டோல்கெ என்ற புதுப் பேராசிரியை வந்தார், கையில் விசிறிபோலச் சுற்றும் நான்கு சிறு சுழலிகளோடு.

“இத உள்ள வச்சு நல்லா கலக்கப் போறோம், ஹெர் விட்கோப். அளவுக்கு மேல கலக்கினா கலக்கமே செத்துடும்னு நெனைக்கிறேன்.”

“கொசு பறந்தாக்கூட வெரட்டி வச்ச குழாய் இது. நீங்க மத்து போட்டுக் கடையப் போறேங்கறீங்க.”

வேறு ஊர்க்காரன் என்றால் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். விட்கோப் எழுதினார். ஊழியர் குழுவின் சம்மதமின்றிக் கருவிகளை மாற்றக்கூடாது என்ற பதினான்காம் விதியைக் காட்டி மூன்று பக்கப் புகார். குழு பேராசிரியையிடம் விளக்கம் கேட்டது. விளக்கத்தைப் படித்துப் பாதுகாப்பு அதிகாரிக்கு ரோஷம் வந்தது. அவர் ஆட்சேபணையை ஆராய ஒரு துணைக்குழு. துணைக்குழுவின் கேள்விகளுக்கு இன்னொரு விளக்கம். விட்கோப்புக்கு ஏகச் சந்தோஷம். சாப்பாட்டுக் கூடத்தில் சத்தமாகவே சிரித்தார்.

ஆனாலும் சோதனைக்குத் தடை ஏதும் அதுவரை நிலவறைக்கு வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை சுழலிகள் சுழன்றன. பேராசிரியையின் மூக்கு உடைவதைப் பார்க்க விட்கோப் கைகட்டி நின்றார். சுழலிகளுக்குப் பக்கத்தில் தண்ணீர் அடித்த முட்டைபோல நுரைத்துத் திமிறியது. எட்டாவது மீட்டரில் புதிதாக ஓர் இழை விட்டார்கள். அது அசையாமல் நேராகப் போனது. அந்த வேகத்தில் ஒருமுறை கலங்கிய தண்ணீர் தானாகத் தெளிந்ததை அவர் பார்த்ததே இல்லை.

“நடுவுல ஓடுறதும் ஓரத்துல நகர்றதும் கிட்டத்தட்ட ஒரே வேகத்துக்கு வந்துடுச்சு,” என்றார் டோல்கெ. “சுழலுக்குத் தீனி இல்ல.”

விட்கோப் குனிந்து, குழாயின் முன்பகுதியைச் சாவியால் தட்டினார். இன்னும் பலமாகத் தட்டினார். இழை கலையவில்லை. இத்தனை வருடம் பொத்திப் பொத்திக் காத்ததைவிட அழகாக இருந்தது அது. ஓய்வுபெறும்வரை தினமும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று தோன்றியது.

படியேறி ஓடித் துணைக்குழுத் தலைவர் லூயர்சனிடம் போய் நின்றார்.

“புகார வாபஸ் வாங்கிக்கறேன்.”

“தாராளமா வாங்கிக்கங்க. ஆனா பாதுகாப்பு அதிகாரியோட ஆட்சேபணை இருக்கே, ஹெர் விட்கோப். அதுக்குப் பேராசிரியை அம்மா எழுதின பதில் இருக்கு. பதில் மேல எங்க கேள்வி இருக்கு. உங்க புகார் இல்லாமலே இது நடக்கும்.”

“அப்ப குழாய்?”

லூயர்சன் அன்று காலை வந்த உத்தரவை நீட்டினார். முடிவு வரும்வரை குழாயை ஓட்டக்கூடாது. பொறுப்பு: மெக்கானிக் விட்கோப்.

“ஒரு மணி நேரம் மட்டும்?”

“விண்ணப்பம் குடுங்க, பரிசீலிப்போம்.”

விட்கோப் கீழே வந்து தன் கையாலேயே வால்வை மூடினார். இழை தடித்து, தொய்ந்து, நின்றது.

அவர் ஓய்வுபெற்ற நாளில் குழாய் காய்ந்து கிடந்தது. துணைக்குழு மட்டும் அதற்குள் இரண்டாகப் பிரிந்திருந்தது, இரண்டும் சுகமாக இருந்தன.