யாரும் பயன்படுத்தாத நிலம்

கடல் தாண்டி நான் படிக்க வந்த இந்த நாட்டில் ஆராய்ச்சி மேற்பார்வையாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். முதல் நாள் 'மேடம்' என்று எழுந்து நின்றேன். "உக்காரு லா, சாந்தின்னே கூப்பிடு," என்று இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு சிரித்தார். தஞ்சாவூரில் முதுகலை படித்தபோது என் வழிகாட்டி கோபம் வந்தால் நோட்டைத் தூக்கி எறிவார். பத்துப் பேர் முன்னால் மானத்தை வாங்குவார். இங்கே யாரும் குரலை உயர்த்துவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரிடம் மறுத்தும் பேசலாம் என்று நம்பினேன். ஆராய்ச்சி தொடங்கிவிட்டதா என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொடங்கிவிட்டது.

லிங்கி என்ற ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில், காலங்காலமாகப் போட்ட உரம் மண்ணின் நுண்ணுயிர்களை என்ன செய்திருக்கிறது என்பதுதான் என் ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்க, உரமே காணாத ஒரு துண்டு நிலம் வேண்டும். அது இல்லாவிட்டால் திட்டமே இல்லை. இரண்டு மாதம் நாயாய் அலைந்த பிறகு அதைக் காட்டிக் கொடுத்தவர், அங்கே வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் ராமையா. "உரம் போடாத, லோரி ஏறாத எடமா? இருக்கு தங்கச்சி," என்று மோட்டார் சைக்கிளில் முன்னால் போனார். ஆற்றோரம், இடுப்பளவு லாலாங் புல். நடுநடுவே மண்மேடுகள், ஒன்றிரண்டில் உடைந்த அகல். தோட்டத்து இடுகாடு. "எம் மூத்த பொண்ணு இங்கதான் இருக்கா, கலாராணி," என்று ஒரு மேட்டைக் காட்டினார். ஏழு வயதில் காய்ச்சலில் போனவளாம்.

தோட்டத்தை விற்கப்போவதாகப் பேச்சு. முன்பு தோட்டமாக இருந்த செண்டாயானில் எழும்பியதுபோல இங்கும் வீடுகள் எழும்பும். இடுகாட்டுக்குப் பத்திரம் இல்லை, வரைபடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. "யுனிவர்சிட்டியில நீங்க எழுதிட்டா போதும், அப்புறம் எவனும் கை வைக்க முடியாது லா," என்றார். நான் மண் எடுக்க மட்டுமே வந்தவள். அதைச் சொல்லாமல் தலையாட்டினேன். இடம் கிடைத்த சந்தோஷம்தான் காரணம், வேறொன்றும் இல்லை.

திட்டவரைவில் 'பழைய இடுகாடு' என்று எழுதியிருந்தேன். சாந்தி அதை அடித்தார். "தோண்டுன மண்ணுன்னா திட்டத்தப் பாக்குற பேனல் ஒத்துக்காது. பயன்படுத்தப்படாத நிலம்னு போடு."

"ஆளுங்களப் பொதைச்சிருக்காங்களே, சாந்தி."

"எங்க பெரியப்பாவும் அங்கதான் கெடக்காரு. எந்த மேடுன்னு எனக்கே தெரியாது. உன் ஸ்டூடண்ட் பாஸ் அடுத்த மாசம் முடியுதுல்ல?"

அதையும் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். இங்கே தங்கிப் படிப்பதற்கான அந்த பாஸைப் புதுப்பிக்க அவர் கையெழுத்துப் போடாவிட்டால் நான் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். மாற்றினேன். இரண்டு சொல்லை எடுத்துவிட்டு இரண்டு சொல்லைப் போட்டேன், வரிகூடத் தள்ளவில்லை.

முதல் முறை மண் எடுத்த நாளில், ராமையா துளைப்பானை என் கையிலிருந்து வாங்கித் தானே திருகினார். எனக்குப் பலம் போதாதாம். மகளின் மேட்டைச் சுற்றிப் புல்லை வெட்டிச் சுத்தமாக வைத்திருந்தார்.

"எல்லாம் எழுதிட்டீங்களா தங்கச்சி?"

"எழுதிட்டேன் அண்ணே."

"கலாராணி பேரும்?"

"அவ பேரும்தான்."

அவர் முகம் மலர்ந்தது. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பையை விரித்துப் பிடித்தேன். அவர் ஒவ்வொரு பிடியாக மண்ணைச் சிந்தாமல் போட்டார்.

லேப் மூடும் நேரம் தாண்டிவிட்டதால் மண்ணோடு அம்பாங்கானில் உள்ள என் வாடகை வீட்டுக்கு வந்தேன். ஊரில் சாவு வீட்டுக்குப் போய் வந்தால் அம்மா வாசலிலேயே நிறுத்தித் தலையில் தண்ணீர் ஊற்றுவாள். அதன்பிறகுதான் உள்ளே விடுவாள். இங்கே நிறுத்த யாரும் இல்லை. நானே வாசல் குழாயடியில் நின்று, ஒரு கையால் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டேன். நனைந்தால் மாதிரி கெட்டுவிடும் என்று, மண் பையை மற்றொரு கையில் உயரத் தூக்கிப் பிடித்திருந்தேன்.