ஜப்பான் மல்லன் அட்டை

ஜப்பானிலிருந்து வந்த உறையைப் பிரித்ததும் பழைய அட்டையின் பூஞ்சை வாசனை எழுந்தது. சுமோ மல்லர் படங்களைச் சேர்ப்பவள் நான். முதல் படம் அறுபதுகளின் கடைசியில், ஓசூரில் கிடைத்தது. அக்கா வேலை செய்த பட்டு நூல் ஆலைக்கு வந்த ஜப்பான் இயந்திரப் பெட்டியில், வைக்கோலுக்குள் கிடந்ததாம்.

சானமாவுக் காட்டு யானைகளையே தீப்பந்தத்தோடு விரட்டும் அப்பாவிடம், “இந்தக் குண்டனப் பாருப்பா!” என்று நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, இடுப்பு வரை குனிந்து அப்படியே நின்றார்.

“அதக் கவுத்துப் போடுடி!” அம்மா பதறினாள். “இவரு யுத்தத்தப்ப சயாம்ல ரயில் ரோடு போட்டப்ப, ஜப்பான்காரனுக்குக் குனியாதவங்கள அடிச்சே கொன்னாங்களாம்.”

கவிழ்த்த பிறகுதான் அப்பா நிமிர்ந்தார்.

இப்போது ஆல்பம் நிறைந்துவிட்டது. அப்பாவின் படம் மாட்டிய அறையில் மட்டும் நான் அதைத் திறப்பதில்லை.