பேச்சுவார்த்தைக்கு வந்த டேப் ரிக்கார்டர்

போன வாரம் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், டேப் ரிக்கார்டர் ஒன்று சாட்சி சொன்னதை நேரில் பார்த்தேன்.

பெட்டிக்குச் சொந்தக்காரன் முரளி. சென்னையில் ஆராய்ச்சி மாணவன். பேரம் பேசும்போது யார் முதலில் வாயைத் திறக்கிறார்கள், யார் குறுக்கே விழுகிறார்கள், யார் மௌனமாகிறார்கள் — இதுதான் ஆராய்ச்சி. அதற்குத் தஞ்சாவூர் ஜில்லாவின் கூலிப் பேச்சைவிட நல்ல இடம் ஏது? குறுவை அறுவடையின்போது மிராசுதார் நடராசனும் உள்ளூர் ஆட்களும் பேசியதைப் பதிவு செய்துகொண்டு போனான்.

முதல் நாள் பதிவு பாழ் என்றான். மைக்கைப் பார்த்ததும் மிராசுதார், "உழைக்கும் பெருமக்களே!" என்று தொடங்கிவிட்டாராம். ஆட்சி மாறியதும் அவருடைய காரில் கொடி மாறியது. பேச்சு மாறாமல் இருக்குமா? எதிர்த் தரப்பும் சளைக்கவில்லை. அங்கேயும் மேடைப் பேச்சு. மறுநாள்தான் எல்லோரும் பெட்டியை மறந்தார்கள். ஏசிக்கொண்டார்கள், சிரித்தார்கள், உடன்பாடும் ஆனது.

இப்போது சம்பா. முரளி மறுபடி வந்தான். நானும் கூடப் போனேன். போய்ச் சேர்ந்தபோது மிராசுதார் வயலோரம் ஒரு லாரி. அறுவடைக்கு வெளியூர் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இந்த அறுப்பு கைவிட்டுப் போனால், ஆற்றில் தண்ணீர் வரும்வரை உள்ளூர்க்காரர்களுக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் வீட்டில் நெல் இல்லை.

அவர்கள் சார்பில் பேசும் கோவிந்தம்மாள் நேராக முரளியிடம் வந்தார்.

"தம்பி, இனிமே வெளியாள எறக்க மாட்டேன்னு குறுவைக்கே ஐயா ஒத்துக்கிட்டாரு. இப்ப இல்லேங்கறாரு. அதக் கொஞ்சம் போடுங்க."

"அது ஆராய்ச்சிக்கு எடுத்ததும்மா. நான் எந்தப் பக்கமும் சேரக் கூடாது."

"பேசுனது நாங்கதானே? எங்க பேச்ச எங்களுக்கே போட்டுக் காட்ட மாட்டீங்களா?"

முரளி என்னைப் பார்த்தான். பத்திரிகைக்காரனிடமா யோசனை கேட்பது? நான் லாரியைப் பார்த்தேன்.

மிராசுதார் சிரித்தார். "போடுப்பா. நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, லாரிய இப்பவே திருப்பி அனுப்பிடறேன்."

பெட்டி வரப்பில் உட்கார்ந்தது. கோவிந்தம்மாளின் குரல் வந்தது: "வெளியாள எறக்க மாட்டீங்களே?" அப்புறம்... ஒன்றுமில்லை. டேப் சுற்றும் சத்தம். எங்கோ ஒரு காக்கை.

"எங்க? சொன்னேனா?" என்றார் மிராசுதார்.

"தலைய ஆட்டுனீங்களே ஐயா!" — கூட்டத்திலிருந்து ஒருவர்.

"பெட்டியில ஆடுதா பாரு!"

பெட்டியை அணைக்கப் போன முரளி, பதற்றத்தில் சத்தத்தைக் கூட்டும் குமிழைத் திருகிவிட்டான். வயல் முழுக்கக் கேட்டது, கோவிந்தம்மாளின் குரல்: "தலைய ஆட்டுனா ஆச்சா? வாயத் தொறந்து சொல்லுங்க!" அடுத்து மிராசுதாரின் குரல்: "அதான் ஆட்டிட்டேன்ல! பத்திரமா எழுதித் தரணும்?"

டேப்பில் ஒரே சிரிப்பு. வரப்பிலும்தான். லாரி டிரைவர்கூடச் சிரித்தார். மிராசுதார் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஏத்துய்யா ஆள" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளூர் ஆட்கள் அரிவாளோடு வயலில் இறங்கினார்கள். லாரியில் வந்தவர்கள் பாபநாசம் பக்கத்துக்காரர்கள். அவர்களும் கூலிக்காரர்களே. அவர்களுடைய குரல் எந்த டேப்பிலும் இல்லை.

மனிதர்கள் பேசுவதை ஓரமாக இருந்து கவனிக்க ஒரு கருவியைக் கொண்டுபோகிறோம். ஆனால் நடுவில் வைத்த மறுகணமே அதுவும் ஓர் ஆளாகிவிடுகிறது — கட்சி கட்டுகிறது, சாட்சி சொல்கிறது, பகையும் சம்பாதிக்கிறது.

நேற்று முரளி வந்திருந்தான். முகம் சரியில்லை. பெட்டி வந்தால் அடுத்த பேச்சுக்கு வர மாட்டேன் என்று மிராசுதார் சொல்கிறாராம். பெட்டி இல்லாமல் உட்கார மாட்டோம் என்கிறார்களாம் கோவிந்தம்மாள் தரப்பில்.

"இவங்க பேசறத ஆராய வந்தேன் சார். இப்ப என்னைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்காங்க."

"நல்லதாப் போச்சு. அதையும் பதிவு செய்ய வேண்டியதுதானே?"

"எப்படி சார்? அது முடிவாகிற வரைக்கும் பெட்டிய வெளியில வைக்கச் சொல்லிட்டாங்களே!"